சி ஷிப்டு முடிந்த பகல்

ஒன்பதரை மணி இருக்கும். சுயம்புலிங்கம் தலையணையை மறுபடியும் திருப்பிப் போட்டான். திருப்பிய பக்கம் கொஞ்ச நேரம் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு அதுவும் கன்னத்துச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஜன்னலை முத்துக்கனி கறுப்புப் போர்வையால் மூடி நான்கு மூலையிலும் ஆணியடித்து வைத்திருந்தாள். அப்படியும் ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெயில் நுழைந்து, பீரோக் கண்ணாடியில் பட்டு, எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, குளித்து, மூன்று இட்லியை விழுங்கிவிட்டு எட்டு மணிக்குப் படுத்தவன். தெருவில் மீன்காரனின் ஹாரன் போய்விட்டது, தண்ணீர் லாரி வந்து பெண்கள் குடங்களோடு சத்தம் போட்டு ஓய்ந்துவிட்டது, அடுத்த வீட்டு மிக்சி இரண்டு தடவை ஓடி நின்றுவிட்டது. ஊர் முழுக்க எழுந்து நடமாடுகிற நேரத்தில் ஒருத்தன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது, இருபத்திரண்டு வருஷம் ஆகியும், களவு செய்கிற மாதிரிதான் இருந்தது. இடது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை அரித்தது. மணி காட்டாத கடிகாரம் அது. உள்ளே ஒரு பச்சை வெளிச்சம் மட்டும் விட்டு விட்டு மின்னும். கை அசைகிறதா, கிடக்கிறதா என்று அது குறித்துக்கொண்டே இருக்குமாம். சென்னையில் ஏதோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் சஃபியா மேடம் பதினான்கு நாளைக்கு முன்னால் பாய்லர் பிரிவில் எல்லாருக்கும் அதைக் கட்டிவிட்டாள். கூடவே ஒரு நோட்டு. படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், நடுவில் எத்தனை முறை விழிப்பு. அதற்குக் கீழே ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒரு கோடு. ஒன்று என்றால் நல்ல விழிப்பு, ஒன்பது என்றால் தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்று அர்த்தம். வேலை நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வட்டம் போட வேண்டும். அவன் தினமும் மூன்றிலோ நான்கிலோ போட்டான். எல்லாருமே மூன்றிலோ நான்கிலோதான் போட்டார்கள். ஒன்பது போட்டால் நேராக மானேஜர் மேசைக்குப் போய்விடும் என்று ஒரு பேச்சு இருந்தது. போகாது, என்னைத் தாண்டிப் போகாது என்று மேடம் ஒவ்வொருத்தன் பக்கத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னாள். இன்றைக்குக் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கே வந்து பட்டையையும் நோட்டையும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவாள். பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். அதற்குள் தூங்கிவிட்டால் பேச்சுக்குத் தெளிவாக இருக்கலாம். தூங்காவிட்டால் வாய் என்ன சொல்லும் என்று அவனுக்கே நிச்சயமில்லை. அந்தப் பயம்தான் தூங்கவிடவில்லை.

அவன் இடது பக்கம் புரண்டான். இடது காது தலையணையில் அழுந்தினால் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். அது பாய்லரைக் கண்காணிக்கிற பேனல் ரூமின் இரைச்சலைப் போலவே இருக்கும், ஏ.சி.யும் மின்விசிறியும் தூரத்து பாய்லரும் சேர்ந்த இரைச்சல். உடனே வலது பக்கம் புரண்டான். பதினோரு வருஷம் அந்த அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவன், ஒன்றில் கிளாட்வின். மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும், வாரம் மாறும், பண்டிகை மாறும், பக்கத்து நாற்காலி மட்டும் மாறாது. கிளாட்வின் கடற்கரைத் தெருக்காரன், நீளக் கை, சிரித்தால் ஈறு தெரியும். விடிவதற்கு முன்னால் மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி எரியும், பேனலில் எரிகிற விளக்குகள் இரண்டிரண்டாகத் தெரியும். அதற்கு அவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். நாற்பது நிமிஷம் நீ, நாற்பது நிமிஷம் நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எழுதி வைக்கவில்லை. எல்லா ஜோடிக்கும் இப்படி ஒன்று இருந்தது என்பது எல்லா ஜோடிக்கும் தெரியும், யாரும் வெளியே பேசுவதில்லை. மிஷினுக்காக வைத்த ஏ.சி. எலும்பு வரைக்கும் குளிரும். கிளாட்வின் தன் ஜெர்கினைக் கழற்றி அவன் மேல் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பேனலைப் பார்த்தபடி நிற்பான். உட்கார்ந்தால் தானும் தூங்கிவிடுவோம் என்று நிற்பான். அந்த வாரம் சுயம்புலிங்கத்தின் அடுத்த வீட்டில் மாடிக்குக் காங்கிரீட் போட்டார்கள். மூன்று நாள் கலவை மிஷின் காலையிலிருந்து மாலை வரை ஓடியது. மூன்று நாளும் பகலில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் அவன் தூங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஷிப்டில் ஓர் ஆள் வராததால், ராத்திரிக்கு வர வேண்டியவனை மாலையிலேயே கூப்பிட்டு, அப்படியே ராத்திரிக்கும் நிறுத்திவிட்டார்கள். பதினாறு மணி நேரம். ராத்திரிக்கு வந்த கிளாட்வின் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னலே இது, பொணம் மாதிரி இருக்க, இன்னைக்கு என் பங்கையும் சேத்து நீயே கிட என்றான். அதை இரக்கமாகச் சொல்லவில்லை, திட்டுகிற மாதிரிச் சொன்னான்.

எட்டு மாசமாக நினைவு அந்த இடத்துக்குத்தான் வருகிறது. எங்கே சுற்றினாலும், மகளின் ஸ்கூல் யூனிபாரத்தில் தொடங்கினாலும், பல்வலியில் தொடங்கினாலும் அங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது. தோளில் கிளாட்வினின் கை. பிரஷர் இறங்கியது நாலு மணி பத்து நிமிஷத்துக்கு என்று பிற்பாடு பேனல் பதிவைப் பார்த்துச் சொன்னார்கள். மக்கா, ரெண்டாம் மாடி வால்வுகிட்ட பிரஷர் எறங்குது, போய்ப் பாத்துட்டு வாரேன், பேனலப் பாத்துக்க. சுயம்புலிங்கம், ம், என்றான். அந்த ஒரு ம். அதைச் சொன்னது யார்? விழித்திருந்தவனா, தூங்கினவனா? பஸ்ஸில் கண்டக்டர் தட்டி டிக்கெட் கேட்டால் தூக்கத்திலேயே பாஸை எடுத்து நீட்டுகிற கை இருக்கிறதே, அந்த மாதிரி அது வாயிலிருந்து தானாக வந்த ம். முத்துக்கனி பகலில் வந்து எதையாவது கேட்டால் அவன் சொல்கிற ம். அவளுக்கு அந்த ம்மைத் தெரியும், அதை நம்பமாட்டாள், மறுபடியும் உலுக்கிக் கேட்பாள். கிளாட்வினுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கும். அவசரம், பிரஷர் இறங்குகிறது, ம் என்றான், போதும் என்று போயிருப்பான். இல்லை, அப்படி நினைப்பது பழியை அவன் தலையில் கட்டுவதாகும். ம் சொன்னது நான். சொன்னேனா? உதடு மூடியபடி மூக்கால் வந்த சத்தத்தைச் சொன்னது என்று எப்படிச் சொல்வது? எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் அந்த ம்முக்குப் பின்னால் ஆள் இல்லை. பிறகு கடல். தூக்கத்தில் கடல் வந்தது. மத்தியான வெயில், ஒரு வள்ளத்தில் கிளாட்வின் நிற்கிறான், கரையில் இவன் நிற்கிறான். சுயம்பு, என்று கூப்பிடுகிறான். காற்றில் கரகரவென்று வருகிறது குரல். சுயம்பு. இவன் கையை ஆட்டி, இரு, வாரேன் என்கிறான். சுயம்பு. இரு, வாரேன். நடுவில் ஏதோ இரைச்சல், பிறகு ஒரு தடவை, பேரில் பாதிதான் வந்தது. அந்தக் கரகரப்பு மேசைமேல் இருந்த வாக்கிடாக்கியின் கரகரப்பு என்பது நாலு முப்பத்தைந்துக்குப் பக்கத்துப் பிரிவிலிருந்து போன் அடித்து அவன் எழுந்த பிறகுதான் தெரிந்தது. எழுந்தபோது கிளாட்வினின் ஜெர்கின் அவன் மேல் இருந்தது. இரண்டாம் மாடியில் நீராவி வெள்ளையாகப் பரவி நின்றது. அதற்குள் போக முடியவில்லை. போக முடிந்தபோது ஆறு மணி.

சுவரில் வெயில் கொஞ்சம் இறங்கியிருந்தது. கண்ணை இறுக்கி மூடினால் சிவப்பாகத் தெரிகிறது, தளர்த்தி மூடினால் இமை துடிக்கிறது. விசாரணை அறையும் இப்படித்தான், நடுப்பகலில் திரை போட்ட அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அவர் உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் ஒருவேளை உண்மை வந்திருக்கும். சுயம்புலிங்கத்தின் கண்ணுக்குள் முத்துக்கனி வந்தாள், மகள் வந்தாள், வேலை போய்விட்டால் இந்த வயசில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது வந்தது. கிளாட்வின் வந்தானா? வந்தான். கடைசியாக வந்தான், அதற்குள் வாய் பேசிவிட்டது. இல்ல சார், நான் பேனலப் பாத்துட்டு இருந்தேன், எப்பப் போனான்னு தெரியல. ஒரு வாரத்தில் நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டினார்கள். யாரிடமும் தெரிவிக்காமல் விதிமுறையை மீறித் தனியாகச் சென்றதே விபத்துக்குக் காரணம். அதன் பிறகு பாதுகாப்பு வகுப்பில் கிளாட்வின் பேர் உதாரணம் ஆனது. ஒருத்தன் ஹெல்மெட்டை மறந்தால்கூட, என்னப்பா கிளாட்வின் வேலை பாக்குற என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவனைத் தெரியாதவர்கள் சொன்னார்கள், தெரிந்தவர்கள் சிரித்தார்கள். சுயம்புலிங்கமும் ஒருநாள் சிரித்தான். கேன்டீனில், கையில் டீயோடு. எல்லாரும் சிரிக்கும்போது ஒரு முகம் மட்டும் சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சிரித்தான். நாற்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தபோது கிளாட்வினின் மனைவி பெனிட்டா சாப்பாட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். அண்ணே, ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா போனாவ? கக்கூசுக்குப் போனாக்கூட சொல்லிட்டுப் போற மனுசன். அதான் எனக்கு ஆறல. அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். புளிப்பு நன்றாக இருந்தது என்பதும், இந்த நேரத்தில் புளிப்பு தெரிகிறதே என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவள் இன்றைக்கும் ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். நல்லாத் தூங்குதியளாண்ணே, கூட்டாளி போன கவலையில ஒடம்ப விட்டுராதிய என்கிறாள்.

எங்கோ நழுவினான். சரியாக எங்கே என்று தெரியாது. சஃபியா மேடம் வெள்ளைப் பலகையில் வட்டம் வட்டமாக வரைகிறாள், வட்டத்துக்குள் இரண்டிரண்டு புள்ளி. ரொம்ப வருஷம் சேர்ந்து வேலை பார்க்கிறவர்கள் ஒருத்தர் சோர்வை இன்னொருத்தர் தாங்கிக்கொள்வார்கள், வெளியே பார்த்தால் அந்த ஜோடிதான் நல்ல ஜோடியாகத் தெரியும், தாங்குகிறவரும் சோர்ந்துபோனால் அது யார் கண்ணிலும் படாது, என்கிறாள். அதனால் ஜோடியைப் பிரிக்க வேண்டும், இரண்டு பேர் இடத்தில் மூன்று பேர் வேண்டும், ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு கம்பெனியில் பிரித்துத்தான் விட்டார்கள், ஆனால் மூன்றாவது ஆளைப் போடவில்லை. இப்போது பக்கத்து நாற்காலியில் ஒரு பெரம்பலூர்க்காரர், மரியாதையானவர். இருவரும் தூங்குவதில்லை, இருவரும் பேசுவதில்லை. மேடம் ஒரு புள்ளியை அழிக்கிறாள். அழித்த இடத்தில் தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள். இரு, என்கிறான், இரு—

"ஏங்க."

முத்துக்கனி கதவருகே நின்றாள், கையில் பாதி நறுக்கிய வெண்டைக்காய்த் தட்டு. மணி பத்தே முக்கால். அவள் உள்ளே வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடியும் சொன்னிய. இரு, வாரேன்னு."

"என்னமோ கனா."

"எட்டு மாசமாச் சொல்லுதிய. மொத நாளு கேட்டேன், பஸ்ஸுக்கு ஓடுற மாதிரி கனான்னிய. சரின்னு விட்டுட்டேன்." அவள் தட்டைக் கீழே வைத்தாள். "பஸ்ஸ யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாவ. நீங்க கிளாட்வின்னும் சொல்லுதிய."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டில் இருந்த வெண்டைக்காயைப் பார்த்தான். ஓரம் கறுத்த ஒன்றை அவள் ஒதுக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தோளில் பட்ட கை, ம், கடல், வாக்கிடாக்கி, விசாரணை, எல்லாம் அவன் நினைத்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடிந்துவிட்டது. எட்டு மாசம் சுமந்தது ஐந்து நிமிஷத்துக்குள் தீர்ந்துபோனதில் அவனுக்கே ஒரு மாதிரி ஏமாற்றமாக இருந்தது. முத்துக்கனி அழவில்லை. "பெனிட்டா அன்னைக்கே கேட்டாளே," என்று மட்டும் சொன்னாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அடுக்களையில் வெகு நேரம் கத்திச் சத்தம் கேட்கவில்லை.

சஃபியா மேடம் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும், வெயிலில் முகம் கன்றியிருந்தது. முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையைக் கழற்றி, லேப்டாப்பில் சொருகி, கோடுகளைப் பார்த்தாள்.

"நோட்டுல தினம் ஆறு மணி நேரம்னு எழுதியிருக்கீங்க சார். இதுல ரெண்டு மணி நேரம்கூட இல்லை." குற்றம் சொல்கிற குரல் இல்லை. "எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. ஆனா உங்களுக்குத்தான் ரொம்பக் கம்மி. ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"மருந்து இல்ல மேடம். ஒரு விஷயம் இருக்கு."

ஒரு தடவை சொன்ன விஷயம் என்பதால் இரண்டாம் தடவை சுலபமாக வரும் என்று நினைத்தான். வரவில்லை. ம் என்ற இடத்துக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். முத்துக்கனி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், திரும்பிப் போகாமல் கதவில் சாய்ந்து நின்றாள். அவன் சொல்லி முடிக்கும்வரை மேடம் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, பேனாவை மூடிவைத்திருந்தாள்.

"மூணு நாள் தூக்கம் இல்ல, பதினாறு மணி நேர வேலை, விடியற்காலை நாலு மணி," என்றாள் கடைசியில். "அந்த நேரத்துல யாராலயும் முழிச்சிருக்க முடியாது சார். நான் இருந்தாலும் தூங்கியிருப்பேன். உங்களை அப்படி உட்கார வெச்ச ஷிப்டு அட்டவணை மேலதான் தப்பு. நான் அதைத்தான் எழுதப் போறேன்."

"தூங்குனது அட்டவணையால மேடம். பொய் சொன்னது நான்தான."

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"நீங்க சொன்னதை ஆய்வில சேர்த்துக்கலாமா? உங்க பேர் வராது."

"அவன் பேரு?"

"யார் பேரும் வராது. நீண்ட காலம் இணைந்து பணிபுரிந்த இருவரில் ஒருவர்னு ஒரு வரி வரும். இந்த ஆலைல ஒம்பது ஜோடி இருந்திருக்கு, ஏழு ஜோடி இதே மாதிரி மாத்தி மாத்தித் தூங்கினதாச் சொல்லியிருக்காங்க. அதுல சேரும்."

இருவரில் ஒருவர். அவன் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். யாரோ இரண்டு பேர், யாரோ ஒருவர். வட்டத்துக்குள் புள்ளி. ஜெர்கின் போர்த்தியதும், நின்றபடியே பேனலைப் பார்த்ததும், என் பங்கையும் சேர்த்து நீயே கிட என்று திட்டியதும் அந்த ஒரு வரிக்குள் போய்விடும். எங்கே ஓட்டை என்று காட்டுகிற வரி அது. அவள் எழுதுவது சரிதான், அதனால் நாளைக்கு வேறு யாரோ பிழைப்பார்கள். ஆனால் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காகிதத்தில் பேர் இருந்தது. முழுப் பேர், அப்பா பேரோடு, டோக்கன் நம்பரோடு. பழிக்குப் பேர் இருக்கிறது, உண்மைக்கு மட்டும் பேர் இருக்காதா?

"சேத்துக்கிடுங்க மேடம்," என்றான். "நான் கம்பெனிக்குத் தனியா எழுதிக் குடுத்துக்கிடுதேன், என் பேரப் போட்டு."

"வேலைக்கு ஆபத்து வரலாம் சார். நான் பேசிப் பார்ப்பேன். ஆனா உறுதி சொல்ல முடியாது."

அவன் முத்துக்கனியைப் பார்த்தான். அவள் கதவை விட்டு அசையாமல், "போனப் போடுங்க," என்றாள். "மொதல்ல அவகிட்ட."

மேடம் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். இந்த நேரம் பெனிட்டா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு இடைவேளை. ஐந்தாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"என்னண்ணே, ஞாயித்துக்கிழமகூட இல்லையே. ஒடம்பு எதும் சரியில்லியா?"

அவன் சொன்னான். இந்தத் தடவை கடலைச் சொல்லவில்லை, அது தன்னைப் பற்றியது என்று பட்டது. சொல்லிட்டுத்தான் போனான், நான் தூங்கிட்டேன், விசாரணையில பொய் சொல்லிட்டேன். மூன்றே வாக்கியம். பிள்ளைகளின் சத்தம் குறைந்தது. அவள் எங்கேயோ நடந்து போகிறாள், ஒரு கதவு சாத்தியது.

"அங்கேருந்து கூப்பிட்டாவளா?"

"கூப்பிட்டான்."

"எத்தன தடவ?"

மூன்று என்று சொல்லலாம். நான்காவதில் பாதிப் பேர்தான் வந்தது, அதை விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது, எந்த மிஷினிலும் பதிவாகவில்லை.

"நாலு," என்றான்.

மூச்சு மட்டும் கேட்டது. கோபமா, அழுகையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தான். திட்டுவாள், திட்டட்டும். அவள் பேசியபோது அவனோடு பேசுகிற மாதிரியே இல்லை.

"அப்போ சொல்லிட்டுத்தான் போயிருக்காவ." மறுபடியும் சொன்னாள், "சொல்லிட்டுத்தான் போயிருக்காவ." பிறகு குரல் மாறியது. "எம் மவன ஸ்கூல்ல என்னவெல்லாம் சொன்னானுவ தெரியுமா ஒங்களுக்கு? எழுதிக் குடுங்க. அது வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதிய."

"குடுக்கேன்."

அவள் அண்ணே என்று சொல்லவில்லை. போன் அணைந்தது.

சஃபியா மேடம் விடைபெறும்போது அவன் கையைப் பிடிக்க வந்து, எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்கி, வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். முத்துக்கனி மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு அவன் முன்னால் வைத்தாள். சோறு வைக்கவா என்று கேட்டாள். பிறகு என்றான். ராத்திரி திரும்பவும் சி ஷிப்டு. அதற்குள் தூங்க வேண்டும், தூங்குவானா தெரியாது. நாளை மறுநாள் இந்த வீட்டுக்குச் சம்பளம் உண்டா, தெரியாது. அவன் வெகு நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதிப்பிற்குரிய ஐயா என்று எழுதினான். அன்று அதிகாலை நான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதினான். எழுதின வரி கொஞ்சம் மேலே ஏறிப் போயிருந்தது. அடுத்த வரியை நேராக, நிதானமாக எழுதினான். கிளாட்வின் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். அலுவலகத்துக்குக் கொடுக்கிற கடிதம், போனார் என்றுதான் எழுத வேண்டும். திருத்தலாமா என்று பேனாவைக் கொண்டுபோனான். அந்தச் சொல்லின் மேல் வைக்காமல் எடுத்துவிட்டான். போனான் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதற்குக் கீழே தன் முழுப் பேரை எழுதினான்.